நச்சுக் கழிவும் நகராட்சியும்

குப்பை என்றதும் நம் நினைவுக்கு வருபவை சருகும் சாம்பலும் காய்கறித் தோலுமே. நம் முன்னோர் காலத்தில் வீட்டிற்குப் புறத்தே எறியப்பட்டவை பெரும்பாலும் மண்ணிலிருந்து பிறந்தவை. ஆதலின் அவை மண்ணிலேயே மக்கி எருவாகி, மறு ஆண்டுப் பயிருக்கு உணவாயின. எதை எறிந்தாலும் நிலம் செரித்துக்கொள்ளும் என்னும் எண்ணம் இவ்வாறே நம்மிடையே வேரூன்றிற்று. ஆனால் இன்று சாயப்பொருள், மருந்து, பூச்சிக்கொல்லி, மின்கலம், உலோக முலாம், தோல் முதலிய தொழில்கள் நாடெங்கும் பெருகியுள்ளன. அவற்றில் எஞ்சும் அமிலங்களையும் கரைப்பான்களையும், குரோமியம், ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் கலந்த கசடுகளையும் எந்த நிலமும் செரிப்பதில்லை. இட்ட இடத்தில் அவை கிடக்கும். மழை பெய்தால் மண்ணுக்குள் இறங்கும். நிலத்தடி நீரோடு மெல்ல நகரும். ஒரு நாள் யாரோ ஒருவர் வீட்டுக் கிணற்றில் வந்து சேரும்.

தீப்பற்றக்கூடியது, அரிக்கும் இயல்புடையது, பிற பொருளோடு கூடினால் வெடிப்பது அல்லது நச்சுக்காற்றை எழுப்புவது, உடலுக்கு நஞ்சாவது ஆகிய குணங்களால் தீங்கு விளைக்கக்கூடிய கழிவை அபாயகரமான கழிவு என்று நம் நாட்டு விதிகள் வகுத்துள்ளன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அண்மை ஆண்டுக் கணக்குகளை நோக்கினால், இந்தியாவில் ஓர் ஆண்டில் தோன்றும் இத்தகைய கழிவு ஒரு கோடி டன்னுக்கும் மேற்பட்டதென்று தெரிகிறது. இஃது அனுமதி பெற்றுத் தொழில் நடத்துவோர் எழுதிக் காட்டும் கணக்கு. கணக்கில் வராமல் இரவில் வெளியேறி, ஓடையிலும் புறம்போக்கிலும் பாதாளச் சாக்கடையிலும் கொட்டப்படுவது இதற்குப் புறம்பானது. அந்தத் திருட்டுக் கொட்டுதலைத் தடுப்பதில் நகராட்சியும் ஊராட்சியும் ஆற்றக்கூடிய பணி யாது என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

ஒருவர் ஏன் திருட்டுத்தனமாகக் கொட்டுகிறார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நச்சுக் கழிவை முறைப்படி அழிப்பதற்குச் செலவு உண்டு. அதற்கென அமைந்த நிலையத்தார் எடைக்கேற்பக் கட்டணம் பெறுவர். அந்நிலையம் தொலைவில் இருப்பின் வண்டிக் கூலியும் மிகும். இச்செலவைத் தவிர்க்க விரும்பும் தொழிற்கூடத்தார், கழிவைக் குறைந்த விலைக்கு ஏற்றுக்கொள்ள முன்வரும் இடைத்தரகரிடம் அதனை ஒப்படைத்துவிடுகின்றனர். தரகர் ஒரு டாங்கர் லாரிக்காரரைப் பிடிக்கிறார். லாரி ஓடும் தூரம் குறையக் குறைய இருவருக்கும் ஆதாயம் மிகுதி. ஆகவே தொழிற்பேட்டையின் எல்லையைத் தாண்டியவுடன் எதிர்ப்படும் பாலத்தடியோ, கைவிடப்பட்ட கல்குவாரியோ, மூடி திறந்து கிடக்கும் சாக்கடைக் குழியோ அவர்களுக்குப் போதுமானதாகிறது. இலாபம் சிலருடையதாகவும், நஷ்டம் அங்கு வாழும் மக்களுடையதாகவும் முடிகிறது.

அந்த நஷ்டம் எத்துணை நீண்டது என்பதற்கு இராஜஸ்தான் மாநிலத்திலுள்ள பிச்ரி என்னும் சிற்றூர் ஒரு சான்று. உதயப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரை அடுத்த தொழிற்கூடங்களில், 1987, 1988 ஆண்டுகளை ஒட்டி, சாயத் தொழிலுக்கு வேண்டிய ஹெச் அமிலம் என்னும் பொருளைச் செய்யத் தொடங்கினர். உற்பத்தி நெடுங்காலம் நடைபெறவில்லை. எனினும் அதில் எஞ்சிய கசடு ஏறத்தாழ 2,440 டன். கழிவுநீர் தூய்மை செய்யப்படாமல் வெளியே விடப்பட்டது. கசடு திறந்த வெளியில் எறியப்பட்டது. நஞ்சு மண்ணினூடே ஆழ இறங்கிற்று. கிணறுகளிலும் ஓடைகளிலும் நீர் கறுத்தது. குடிப்பதற்கும் கால்நடைக்குக் காட்டுவதற்கும் பயிருக்குப் பாய்ச்சுவதற்கும் உதவாததாயிற்று. ஊர்மக்கள் கொதித்தெழவே, மாவட்ட மாஜிஸ்திரேட் 144-ஆம் பிரிவின்படித் தடையாணை பிறப்பித்தார். 1989 ஜனவரியில் அங்கிருந்த தொழிற்கூடம் ஒன்று மூடப்பட்டது.

வழக்கு உச்சநீதிமன்றத்திற்குச் சென்றது. நீதிமன்றத்தின் ஆணைப்படிக் குழியில் இட்டு மூடப்பட்ட கசடு 720 டன்னே. மிகுதியில் பெரும்பகுதி மண்ணோடு மண்ணாகக் கலந்துபோயிற்று. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தார் அவ்விடத்தை ஆராய்ந்து, ஏறத்தாழ 350 ஹெக்டேர் நிலம் கெட்டிருப்பதாகக் கணித்தனர். 1996 பிப்ரவரி 13-ஆம் நாள் வெளியான தீர்ப்பு, மாசு செய்தவரே அதனைத் துடைக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டிற்று. நிலத்தைச் சீர்ப்படுத்த வேண்டிய தொகை பின்னர் 37 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. ஆயினும் அத்தொகை கட்டப்படவில்லை. 2011 ஜூலையில் உச்சநீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, 1997-லிருந்து 12 விழுக்காடு கூட்டு வட்டியுடன் அதனைக் கட்டுமாறு ஆணையிட நேர்ந்தது. தொழில் நடந்த காலம் மிகக் குறுகியது. வழக்கு நடந்த காலமோ 20 ஆண்டுக்கும் மேற்பட்டது. நீதி கிடைத்தது உண்மையே. ஆனால் கிணற்று நீரை மட்டும் எந்தத் தீர்ப்பாலும் பழைய நிலைக்கு உடனே திருப்ப முடியவில்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று உண்டு. நச்சுக் கழிவைப் பொறுத்தவரை, முதல் வண்டிச் சுமையைத் தடுப்பதே மலிவான மருத்துவம். நூறாவது வண்டிக்குப் பிறகு எத்துணைப் பெரிய நீதிமன்றமும் எத்துணைப் பெருந்தொகையும் பாதி மருத்துவமே செய்ய இயலும். அந்த முதல் வண்டியைக் காணக்கூடியவர் யார் என்பதுதான் கேள்வி.

சட்டம் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. போபால் பேரிடருக்குப் பின் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதன்கீழ் 1989-இல் அபாயகரமான கழிவுகள் குறித்த விதிகள் முதன்முதலாக வகுக்கப்பட்டன. அவை 2008-இலும் 2016-இலும் புதுப்பிக்கப்பட்டன. இவ்விதிகளின்படி, கழிவை உண்டாக்குவோர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றிருத்தல் வேண்டும். பொதுவாக 90 நாட்களுக்கு மேல் கழிவைத் தம்மிடம் தேக்கி வைத்தல் கூடாது. அனுமதி பெற்ற நிலையத்திற்கோ, அதனை மூலப்பொருளாகப் பயன்படுத்த அனுமதி பெற்றவருக்கோ மட்டுமே அதனை அனுப்புதல் வேண்டும்.

அவ்வாறு அனுப்பும்போது வண்டியுடன் ஓர் அனுப்புச் சீட்டுச் செல்ல வேண்டும். அச்சீட்டுக்கு ஏழு படிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். வெள்ளைப் படியை அனுப்புகிறவர் வாரியத்திற்கு அனுப்ப வேண்டும். மஞ்சள் படியில் வண்டிக்காரரின் கையொப்பம் பெற்றுத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். இளஞ்சிவப்புப் படி பெறுகிறவரிடம் தங்கும். ஆரஞ்சு நிறப் படி வண்டிக்காரருக்கு. பச்சைப் படியைப் பெறுகிறவர் வாரியத்திற்கு அனுப்புவார். நீலப் படியை, சரக்கு வந்து சேர்ந்தமைக்கு அடையாளமாக, அனுப்பினவருக்கே திருப்புவார். கழிவு மாநில எல்லையைக் கடந்து செல்லுமாயின், சாம்பல் நிறமுள்ள ஏழாவது படி அனுப்பினவரின் மாநில வாரியத்திற்குச் செல்லும். பல மாநிலங்களில் இவ்வேலை இப்போது கணினி வழியாகவும் நடைபெறுகிறது. இதன் கருத்து எளிது. வெள்ளைப் படி புறப்பாட்டைச் சொல்கிறது. பச்சைப் படி வருகையைச் சொல்கிறது. இரண்டும் ஒத்திராவிடில், நடுவழியில் எங்கோ ஒரு சுமை தொலைந்திருக்கிறது என்பது வெளிப்படும்.

கழிவு சென்று சேரும் நிலையத்தின் அமைப்பையும் அறிந்துகொள்ளுதல் நலம். புதைக்கத் தக்க கழிவுகளை இறுகிய களிமண்ணும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் அடுக்கடுக்காகப் பரப்பிய பெருங்குழியில் இடுவர். அதில் கசியும் நீர் கீழே இறங்காமல், குழாய்களின் வழியே திரட்டப்பட்டுத் தூய்மை செய்யப்படும். எரிக்கத் தக்கவற்றை இரண்டு அறைகள் கொண்ட உலையில் இட்டு, எழும் புகையை ஏறத்தாழ 1,100 டிகிரி வெப்பத்தில் மீண்டும் எரிப்பர். சில வகைக் கழிவுகளைச் சிமெண்டு ஆலைச் சூளையில் எரிபொருளோடு கலந்து எரித்துவிடுவதும் உண்டு. இவற்றோடு, ஓடைக்கரையில் குழாயைத் திறந்துவிடுவதை ஒப்பிட்டுப் பார்த்தால், திருட்டுக் கொட்டுதலால் ஒருவர் மிச்சப்படுத்தும் தொகை எதனின்று வருகிறது என்பது விளங்கும்.

ஆனால் சீட்டு எழுதப்பட்டால்தானே ஒத்துப்பார்க்க முடியும்? சீட்டே எழுதாமல் புறப்படும் வண்டியை இந்த ஏற்பாடு காண்பதில்லை. 2022 ஜனவரி 6-ஆம் நாள் விடியற்காலையில், குஜராத் மாநிலத்துச் சூரத் நகரின் சச்சின் தொழிற்பேட்டையில் அத்தகைய வண்டி ஒன்று வந்து நின்றது. சாலையோரக் கால்வாயில் இரசாயனக் கழிவை இறக்க முற்பட்டபோது நச்சுக்காற்று எழுந்தது. அருகிலிருந்த துணித் தொழிற்சாலையின் தொழிலாளர் 6 பேர் மாண்டனர். 20-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

இவ்வாறு காற்று எழுவதற்குக் காரணம் யாது? கந்தகம் சேர்ந்த உப்புக் கரைசல்கள் தனித்திருக்கும்போது அடங்கிக் கிடக்கலாம். சாக்கடையில் முன்னமே அமிலம் இருந்து, இரண்டும் கலந்தால், ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு பொங்கி எழும். இது சாதாரணக் காற்றைவிடக் கனமானது. ஆதலின் மேலே கலையாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளங்களிலும் தாழ்ந்த வீடுகளிலும் தங்கும். சிறிதளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் மூக்கின் மோப்ப உணர்வே மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிற்று என்று ஒருவர் நினைக்கும் நேரமே பேராபத்தின் நேரமாகும். இன்னும் மிகுந்தால் சில மூச்சுகளிலேயே மனிதர் சாய்ந்துவிடுவர்.

அடுத்த ஆண்டில், 2023 ஏப்ரல் 30-ஆம் நாள், பஞ்சாப் மாநிலத்து லூதியானாவின் கியாஸ்புரா பகுதியில் 11 பேர் இவ்வாறே நச்சுக்காற்றால் மாண்டனர். பேரிடர் மீட்புப் படையினர் அங்குள்ள சாக்கடைக் குழிகளைச் சோதித்தபோது, இதே வாயு மிகுந்த அளவில் இருக்கக் கண்டனர். சாக்கடையில் இரசாயனக் கழிவு விடப்பட்டிருக்கலாம் என்று ஐயுறப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆராய்ச்சிக் குழுவொன்றை அமைத்தது. சூரத்தில் சாலையோரக் கால்வாய். லூதியானாவில் நகரின் பாதாளச் சாக்கடை. நகரத்து வடிகால் ஒவ்வொன்றும் மக்கள் வாழும் வீட்டு வாயிலின் வழியே செல்வது என்பதை இவ்விரு துயரங்களும் நமக்கு உணர்த்துகின்றன.

இங்கேதான் உள்ளாட்சி மன்றத்தின் இடம் தெளிவாகிறது. தொழிற்கூடத்திற்கு அனுமதி தருவதும், மாதிரி எடுத்துச் சோதிப்பதும், விதி மீறினோர் மீது நடவடிக்கை எடுப்பதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. ஆனால் வாரியத்தின் அலுவலகம் மாவட்டத் தலைநகரில் இருக்கும். அதன் பொறியாளர் சிலரே பல நூறு தொழிற்கூடங்களைப் பார்க்க வேண்டியிருக்கும். ஓடைக்கரையில் நாள்தோறும் நடப்பவர் நகராட்சியின் துப்புரவுப் பணியாளர். எந்தத் தெருவில் எந்தப் பட்டறை புதிதாக வந்தது என்பதை அறிபவர் வார்டு உறுப்பினர். ஏரியில் நுரை கண்டதும் மக்கள் சென்று முறையிடுவது ஊராட்சித் தலைவரிடம். அதிகாரம் ஓரிடத்திலும் கண் வேறோரிடத்திலும் இருக்கின்றன. இரண்டையும் இணைப்பதே உள்ளாட்சியின் பணி என்று சொல்லலாம்.

இதனை உள்ளாட்சி தன் கடமையாக ஏற்க வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம், 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அரசியலமைப்பிலேயே இடம் தந்தன. நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத் தக்கவை என்று பன்னிரண்டாம் அட்டவணையில் கூறப்பட்ட 18 பொருள்களுள், பொதுச் சுகாதாரமும் திடக்கழிவு மேலாண்மையும் ஓரிடத்திலும், சுற்றுச்சூழற் பாதுகாப்பு மற்றோரிடத்திலும் இடம்பெற்றுள்ளன.

கடமை இருந்தாலும் பணமில்லையே என்னும் விடைக்கு 1980-இலேயே உச்சநீதிமன்றம் பதில் கூறிவிட்டது. மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகரில், திறந்த சாக்கடையும், சாராய ஆலையிலிருந்து தெருவில் வழிந்த நாற்றக் கழிவுநீரும் ஒரு வட்டாரத்து மக்களை வாட்டின. அவர்கள் மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டனர். பொதுத் தொல்லையை அகற்றுமாறு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் நகராட்சிக்கு ஆணையிட்டார். நகராட்சி மன்றம் தன் வறுமையைக் காட்டி உச்சநீதிமன்றம் வரையில் வழக்காடிற்று. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஆலைக் கழிவு தெருவில் பாய்வதை உடனே நிறுத்துமாறு நகராட்சிக்குக் கட்டளை பிறந்தது. மாநில அரசும் அதற்குத் துணை நிற்க வேண்டுமென்று கூறப்பட்டது. இந்த அதிகாரம் 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் 152-ஆம் பிரிவாக நிலைபெற்றிருக்கிறது. பெரிய வழக்கறிஞரோ பெருஞ்செலவோ இன்றி, ஓர் ஊர்மக்கள் தம் வட்டார மாஜிஸ்திரேட்டை அணுகி நிவாரணம் கேட்க இது வழி செய்கிறது.

இனி, உள்ளாட்சி மன்றம் செய்யக்கூடியவை யாவை என்று பார்ப்போம்.

முதலாவது, தன் எல்லைக்குள் இருப்பது இன்னதென்று அறிதல். தொழில் உரிமம் வழங்கும் மன்றத்திடம் பட்டறைகளின் பட்டியல் இருக்கும். அப்பட்டியலை வாரியத்தின் அனுமதிப் பட்டியலோடு வைத்துப் பார்த்தால், உரிமம் பெற்று அனுமதி பெறாத முலாம் பட்டறையும், ஈயம் உருக்கும் கூடமும் புலப்படும். முலாம் பூசும் பட்டறை ஓராண்டு முழுவதும் இயங்கியும் ஒரு வண்டிக் கசடுகூட வெளியே அனுப்பியதாகச் சீட்டில்லையெனில், அக்கசடு எங்கே சென்றது என்று கேட்பதற்கு விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, சாக்கடையைச் சாட்சியாக்குதல். கழிவுநீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓடுவது. ஆகவே கீழ்க்கோடியில் அமிலத்தன்மையோ விபரீத நிறமோ கண்டால், ஆளிறங்கு குழிகளை மேல்நோக்கி ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே செல்லலாம். எந்தக் குழியில் மாசு காணப்பட்டு அதற்கு மேற்பட்ட குழியில் காணப்படவில்லையோ, அவ்விரண்டிற்கும் இடையே குற்றம் நடந்த இடம் இருக்கிறது. இச்சோதனையை மேலிருந்தே கருவி கொண்டு செய்ய வேண்டும். எக்காரணத்தாலும் ஆளை உள்ளே இறக்கலாகாது. பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. தொழிற்பேட்டையை அடுத்த குழிகளின் மூடிகளைப் பூட்டி வைப்பதும் சிறு செலவில் பெரும்பயன் தருவதாகும்.

மூன்றாவது, கொட்டத் தக்க இடங்களை மூடுதல். லாரி திரும்பும் அளவு அகலமும், இருளும், ஆளரவமின்மையும் கூடிய இடமே கொட்டுவோர் தேடும் இடம். பாலத்தடி, கல்குவாரி, ஏரிக்கரைப் பாதை முதலியவற்றைக் குறித்துக்கொண்டு, விளக்கிட்டு, கனரக வண்டி நுழையாதபடி கல்தூண் நட்டுவிட்டால், பாதி வேலை முடிந்தது.

நான்காவது, கண்டபின் செய்ய வேண்டியதைச் செவ்வனே செய்தல். நல்லெண்ணத்தோடு செய்யும் காரியமே இங்குத் தீமையாவதுண்டு. குவியலை மண்ணிட்டு மூடுவதும், தீயிட்டு எரிப்பதும், நீர்விட்டுக் கழுவுவதும் கூடாது. மூடினால் கிணறு கெடும். எரித்தால் காற்று கெடும். கழுவினால் ஓடை கெடும். மூன்றாலும் சாட்சியம் அழியும். காற்று வீசும் திசைக்கு மேற்புறமாக விலகி நின்று, மக்களையும் கால்நடைகளையும் அப்புறப்படுத்திக் கயிறு கட்ட வேண்டும். தீயணைப்புப் படைக்கும் காவல் நிலையத்திற்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் மாவட்ட ஆட்சியருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். வாரிய அதிகாரி சாட்சிகளின் முன்னிலையில் மாதிரி எடுத்து முத்திரையிட்டு, மகஜர் எழுதிய பின்னரே குவியல் அகற்றப்பட வேண்டும். அந்தத் தாளும் முத்திரையும் இல்லாவிடில், பிடிபட்டவரும் நீதிமன்றத்தில் தப்பிவிடுவர்.

குவியலே தன் பிறப்பிடத்தைச் சொல்லிவிடுவதும் உண்டு. 2024 டிசம்பரில் தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்தில், நடுக்கல்லூர், கொடகநல்லூர் முதலிய ஊர்களை ஒட்டி மருத்துவமனைக் கழிவுகள் கொட்டிக் கிடந்தன. அவற்றினிடையே கலந்திருந்த மருத்துவமனைத் தாள்கள், அவை கேரள மாநிலத்துத் திருவனந்தபுரத்திலிருந்து வந்தவை என்பதைக் காட்டின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அவற்றைக் கேரள அரசே திரும்ப எடுத்துச் செல்லுமாறு ஆணையிட்டது. அம்மாதமே லாரிகள் வந்து அவற்றை ஏற்றிச் சென்றன. ஊரார் ஆத்திரத்தில் அக்குவியலுக்குத் தீ வைத்திருந்தால், திருப்பி அனுப்புவதற்கு முகவரியே இருந்திராது.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. இதனைத் தண்டனையைப் போலவே முக்கியமானதாகக் கருத வேண்டும். முறையான வழி எளிதாக இல்லாத இடத்தில் முறையற்ற வழியே பெருவழியாகிவிடும். பெரிய ஆலைக்குத் தனி வண்டியும் தனி ஒப்பந்தமும் உண்டு. மாதம் அரை டிரம் கசடு சேரும் சிறு பட்டறைக்காரர் அதனை எங்கே கொண்டு செல்வார்? அத்தகையோரிடம் குறித்த நாளில் வந்து திரட்டிச் செல்லும் பொது ஏற்பாட்டைத் தொழிற்பேட்டைச் சங்கமும் நகராட்சியும் வாரியமும் கூடிச் செய்தல் வேண்டும். வீட்டிலும் நஞ்சு உண்டு. பழைய மின்கலம், குழல் விளக்கு, பூச்சிமருந்துப் புட்டி, வர்ணம் இருந்த தகரம், காலாவதியான மருந்து, உடைந்த வெப்பமானி ஆகியவற்றைத் தனியே பெறுவதற்கு, 20 சதுரக் கிலோமீட்டர் பரப்புக்கு ஒன்றாக நிலையங்கள் அமைக்க வேண்டுமென்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் உள்ளாட்சிகளைப் பணித்தன. இந்தூர் மாநகராட்சியோ வீடுதோறும் வரும் வண்டியிலேயே வெவ்வேறு அறைகள் அமைத்து, இத்தகைய நச்சுப் பொருள்களைத் தனியறையில் பெற்றுச் செல்கிறது. மக்களைக் குறைகூறுமுன் மன்றம் தன் வண்டியில் ஓர் அறை வைக்க வேண்டும் என்பதற்கு அந்நகரம் எடுத்துக்காட்டு.

இவ்வளவும் சொல்லுவது எளிது, செய்வது அரிது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சிறு நகராட்சிகளில் சோதனைச்சாலை இல்லை. இரவுக் காவலுக்கு ஆளில்லை. தொழிற்பேட்டை பலவிடங்களில் நகராட்சியின் நிர்வாகத்திற்கு உட்படாமல் தனியமைப்பின் கீழ் இருக்கிறது; ஆயினும் அதன் சாக்கடை நகராட்சியின் ஓடையில்தான் வந்து விழுகிறது. சில ஊர்களில் மன்றத்தின் குப்பைமேடே எல்லாம் கலந்து எரியும் இடமாக இருக்கும்போது, பிறரைத் தட்டிக் கேட்கும் தகுதி குன்றிவிடுகிறது. உழைத்துப் பிழைக்கும் ஏழைகள் பழைய மின்கலங்களை உடைத்து ஈயம் எடுப்பது போன்ற தொழில்களில், குற்றத்தையும் வறுமையையும் பிரித்துப் பார்க்க வேண்டியும் இருக்கிறது. தண்டனை முறையும் மாறியுள்ளது. 2023-இல் நிறைவேறி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறுவோருக்குச் சிறைக்குப் பதிலாக 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கப்படுகிறது. தண்டம் ஆதாயத்தைவிடச் சிறியதாயின், அது தொழிற்செலவுகளுள் ஒன்றாகக் கருதப்பட்டுவிடும். ஆகவே தண்டத்தோடு நில்லாமல், நிலத்தையும் நீரையும் சீர்ப்படுத்தும் முழுச் செலவையும் கொட்டினவரிடமும் அனுப்பினவரிடமும் பெறுதல் வேண்டும். அதற்குரிய வழியைப் பிச்ரித் தீர்ப்பு காட்டியிருக்கிறது. உள்ளாட்சி மன்றம் தன் பங்குக்கு, குவியலை அகற்ற ஆன கூலி முதல் குடிநீர் லாரிக்கு ஆன செலவு வரை கணக்கெழுதி வைத்தால்தான், அந்தத் தொகையைக் கேட்க முடியும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக அமைவது மக்களின் விழிப்பு. காடும் ஏரியும் ஆறும் உள்ளிட்ட இயற்கைச் சூழலைக் காப்பது குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் கடமை என்று அரசியலமைப்பின் 51-ஏ பிரிவு கூறுகிறது. நள்ளிரவில் ஓடைக்கரையில் நிற்கும் லாரியின் எண்ணைக் குறித்துக்கொள்வதும், வழக்கத்திற்கு மாறான நாற்றத்தை உடனே தெரிவிப்பதும், கறுத்த நீரை ஒரு புட்டியில் எடுத்து நாளும் இடமும் எழுதி வைப்பதும் அக்கடமையின் பகுதிகளே. அத்தகைய செய்தியைக் கொண்டுவருபவரின் பெயர் வெளிவராமல் காப்பதும், வந்த செய்திக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதை அடுத்த மன்றக் கூட்டத்தில் வெளிப்படையாகக் கூறுவதும் மன்றத்தின் பொறுப்பு. முறையிட்டவர் ஒருமுறை அலட்சியம் செய்யப்பட்டால், மறுமுறை வாய் திறக்கமாட்டார். அவர் வாய் மூடிய அன்றுதான் முதல் வண்டி அச்சமின்றி ஊருக்குள் நுழையும்.